கணக்கில் வராத மாலை

நியூயார்க்கில் ஓர் அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போது சென்னையில் மணி மாலை ஆறரை. கலிஃபோர்னியாவில் ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பதரை. இது கோடைக்காலக் கணக்கு. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய கடிகாரத்தை, நவம்பரின் முதல் ஞாயிறன்று அமெரிக்கா பின்னே திருப்பி வைக்கிறது. இந்தியாவோ 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிய தன் நேரத்தை ஆண்டு முழுவதும் மாற்றுவதில்லை. ஆகவே நவம்பர் பிறந்ததும் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை பார்ப்பவரின் ஆறரை மணிக் கூட்டம் ஏழரைக்கும், ஒன்பதரை மணிக் கூட்டம் பத்தரைக்கும் தள்ளிப்போகின்றன. ஐரோப்பா தன் கடிகாரத்தை மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றுவதால், லண்டன், நியூயார்க், சென்னை என மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து வேலை செய்யும் அணிகளுக்கு மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் எந்தக் கூட்டம் எப்போது என்ற தடுமாற்றம் தனியாக வந்துபோகும். அதோடு சேர்த்து பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவரும் ஏற்பாடு, கேப் வரும் நேரம், இரவுச் சாப்பாடு, முதியவருக்கு மாத்திரை கொடுக்கும் முறை எல்லாமே ஒரு மணி நேரம் இடம்பெயர்கின்றன.

அயல்நாட்டு நிறுவனங்களுக்காக இயங்கும் இந்திய மென்பொருள் அலுவலகங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சம்பளம், வீட்டுக் கடன், நிலத்தின் விலை, நுனிநாக்கு ஆங்கிலம், திருமணச் சந்தை என்று அந்தப் பேச்சு விரிந்தபடி இருக்கிறது. அந்த வாழ்க்கையின் அச்சாக இருக்கும் நேரத்தைப் பற்றிப் பேசியது குறைவு. இந்த அலுவலகங்களிலிருந்து உண்மையில் ஏற்றுமதியாவது நிரல்வரிகள் மட்டுமல்ல, ஊழியரின் மாலைப்பொழுதும்தான் என்பதே என் வாதம். நிரல்வரிகளுக்கு விலைப்பட்டியல் உண்டு. மாலைக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போட்டிருப்பதில்லை. அதைத் தருபவர்கள் ஊழியர்கள் மட்டுமா என்றால் அதுவும் இல்லை; அவர்களுடைய வீட்டாரும், அவர்களை ஏற்றி இறக்கும் ஓட்டுநர்களும், அவர்கள் போனபின் தளத்தைத் துடைக்கும் பெண்களும் சேர்ந்தே தருகிறார்கள்.

இது எப்படி வந்தது என்று பார்க்க 1980களுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு இந்திய மென்பொருள் ஏற்றுமதி என்பது பெரும்பாலும் ஆளை ஏற்றுமதி செய்வதாகவே இருந்தது. வேலை வாடிக்கையாளரின் நாட்டில் இருந்தது. நிரலாளர் விமானம் ஏறிப் போனார். 1985இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தாய் அலுவலகத்தோடு வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தது. அதே ஆண்டு சிட்டிபேங்க் தன் மென்பொருள் நிறுவனம் ஒன்றை மும்பை சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் அமைத்தது. 1991இல் மத்திய அரசு இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற அமைப்பை நிறுவியது. பல நகரங்களில் தரைநிலையங்களைக் கட்டி, விநாடிக்கு 64 கிலோபிட் என்ற, இன்று கைபேசியில்கூட நாம் பொறுத்துக்கொள்ளாத வேகத்தில், அது நிறுவனங்களுக்கு இணைப்பு கொடுத்தது. தனியாகச் செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவழிக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களும் அதனால் ஏற்றுமதியில் இறங்க முடிந்தது. இந்திய மென்பொருள் துறையின் வரலாற்றில் அரசின் பங்கைக் குறைத்துச் சொல்பவர்கள் இந்தத் தரைநிலையங்களை மறந்துவிடுகிறார்கள்.

சென்னையின் கதையும் இங்கேதான் இணைகிறது. 1994இல் அமெரிக்காவின் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் குழுமம், தன் சொந்தத் தொழில்நுட்ப வேலைகளுக்காகச் சத்யம் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து இங்கே ஓர் அலுவலகம் வைத்தது. இரண்டு ஆண்டுகளில் அதன் பெயர் காக்னிசன்ட் ஆனது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. 2001இல் உலக வங்கி தன் கணக்கு, நிர்வாக வேலைகளின் ஒரு பகுதியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இங்கே ஒரு மையத்தைத் தொடங்கியது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ்காந்தி சாலை ஆகி, உப்பளமும் சதுப்பும் வயலுமாக இருந்த நிலம் கண்ணாடிக் கட்டிடங்களாக மாறியது.

அந்தக் காலத்தில் இத்துறைக்காரர்கள் ஆர்வத்தோடு முன்வைத்த வாதம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பகல் முடியும்போது இந்தியாவில் பகல் தொடங்குகிறது. ஆகவே ஒரே வேலையை இருபத்து நான்கு மணி நேரமும் நடத்தலாம். அவர்கள் தூங்கும்போது நாம் செய்துமுடித்துவிடுவோம். கேட்பதற்கு அழகான கணக்கு இது. சில வேலைகளுக்குப் பொருந்தவும் செய்தது. இரவு முழுவதும் கணினிகளைக் கண்காணிப்பது, அன்றாடம் வரும் பிழைப் புகார்களைப் பகலுக்குள் தீர்த்துவைப்பது, எழுதி முடித்த நிரலைச் சோதிப்பது போன்றவற்றை அப்படிக் கைமாற்றிவிடலாம். இரண்டாயிரமாம் ஆண்டுக் கோளாறுக்காக கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய லட்சக்கணக்கான வரிகளைத் திருத்திய வேலையும் அவ்வகைதான். ஆனால் புதிதாக ஒன்றை உருவாக்குவது அப்படிப்பட்டதல்ல. நேற்று ஒருவர் பாதி கட்டிய சுவரில் இன்று இன்னொருவர் வந்து அடுத்த செங்கல்லை வைப்பதுபோல் மென்பொருளைக் கட்ட முடியாது. முதலாமவர் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாமவர் ஒரு வரி எழுதினாலும் அது தப்பாகப் போகலாம். நேர இடைவெளியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எர்ரன் கார்மெல், சூரியனைப் பின்தொடர்ந்து வேலையைக் கைமாற்றும் முறை பேச்சில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை என்று காட்டியிருக்கிறார். 1990களில் ஐபிஎம் அதற்கென்றே பல நாடுகளில் அணிகளை அமைத்துப் பார்த்துக் கைவிட்டதும் அவர் பதிவுசெய்த செய்திதான்.

செயற்கைக்கோள் தூரத்தை அழித்தது. நேரத்தை அழிக்க எந்தக் கருவியும் வரவில்லை. இரண்டு பக்கமும் விழித்திருக்கும் சில மணி நேரம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோடு வேலை செய்யும் அணிக்கு அந்த நேரம் ஒன்று அங்கே அதிகாலையிலிருந்து வர வேண்டும், அல்லது இங்கே மாலையிலிருந்து வர வேண்டும். பணம் கொடுப்பவர் அங்கே இருப்பதால் அது பெரும்பாலும் இங்கிருந்தே எடுக்கப்பட்டது.

ஒரு சாதாரண நாளைப் பார்த்தால் இது புரியும். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு அலுவலகம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். வங்கி, மருத்துவக் காப்பீடு போன்ற வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கிய, ஓடிசி எனப்படும் அயல்பணி மேம்பாட்டு மைய அறைக்குள் நுழைய இன்னொரு அட்டை, இன்னொரு கதவு. பல ஓடிசிகளில் கேமரா உள்ள கைபேசியை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேசைமேல் எழுதிய தாள் இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து அவசரமாக ஒரு செய்தி வந்தாலும் வெளியே வந்தால்தான் தெரியும்.

உட்கார்ந்ததும் முதல் வேலை இரவு வந்த மின்னஞ்சல்களைப் படிப்பது. இரவு பத்தரைக்கு இவர் கணினியை மூடிய பிறகு அங்கே மீதிப் பகல் நடந்து முடிந்திருக்கிறது. பேசி முடிவெடுத்திருக்கிறார்கள், முடிவை மாற்றியிருக்கிறார்கள், நடைபாதையில் நின்று எதையோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் எழுத்தில் வந்தது ஒரு பங்கு மட்டும். மீதியை இவர் ஊகிக்க வேண்டும். மதியம் வரை அலுவலகம் அமைதியாக இருக்கும். நிரல் எழுதுவதற்கான உண்மையான நேரம் அதுதான். இத்துறையில் நீண்ட காலம் இருப்பவர்கள் இந்தக் காலைப்பொழுதைப் பொத்திப் பாதுகாப்பதைப் பார்க்கலாம். உள்ளூர்க் கூட்டங்கள், பயிற்சி வகுப்புகள், மனிதவளத் துறையின் நிகழ்ச்சிகள் எல்லாம் அதற்குள்ளேயே வந்து விழும் என்பது வேறு கதை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாழ்க்கையின் களைப்பு அதில்தான் ஊறிக் கிடக்கிறது. பதினொரு மணிக்கு ஒரு நிரலாளருக்குச் சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத்தொகையைக் கணக்கிடும்போது, வாடிக்கையாளர் மாதத்தின் நடுவில் வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் எந்த மாநிலத்தின் வரி? தேவை ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரே கட்டிடத்தில் இருந்தால் எழுந்துபோய்க் கேட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். இங்கே அவருக்கு இரண்டே வழி. மாலை வரை காத்திருக்கலாம். மாலைக் கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் போய்விடும். அல்லது, இப்படித்தான் இருக்கும் என்று தாமே முடிவுசெய்து எழுதலாம். அது தவறானால் எழுதியதை அழித்து மறுபடி எழுத வேண்டும், கூடவே 'ஆஃப்ஷோர் டீம் கேட்காமல் செய்துவிட்டது' என்ற பேச்சும் வரும். காத்திருந்தால் தாமதத்துக்கு இவர் பொறுப்பு, ஊகித்தால் பிழைக்கு இவர் பொறுப்பு. இந்தியப் பொறியாளர்கள் தாமாக முடிவெடுக்கத் தயங்குபவர்கள், எல்லாவற்றுக்கும் 'எஸ்' சொல்பவர்கள் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாக உலவுகிறது. அதைப் பண்பாட்டின் மேல் ஏற்றிப் பேசுபவர்கள் இந்த எளிய இயக்கத்தைக் கவனிப்பதில்லை. கேள்வி கேட்க ஒரு நாள் செலவாகும் இடத்தில் எந்த நாட்டவரும் குறைவாகத்தான் கேட்பார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆன்சைட் கோஆர்டினேட்டர் என்ற பாத்திரம் உருவானது. அணியிலிருந்து ஒருவர் அமெரிக்காவில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். பகலில் அவர்களோடு கூட்டம், இரவில் இங்குள்ளவர்களோடு பேச்சு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் அதிர்ஷ்டசாலி. உள்ளே அவர் இரண்டு பகல்களை ஒரே உடம்பில் வாழ்பவர்.

நான்கு மணிக்கு மேல் அலுவலகத்தின் சத்தம் மாறும். டீ, பஜ்ஜி, கேன்டீன் வரிசை எல்லாம் முடிந்து ஆறு மணி நெருங்கும்போது காதில் ஹெட்செட் ஏறும். ஆறரைக்கு ஸ்டாண்டப்: நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடையாக இருக்கிறது. 'இன்று' என்பது அவர்களுக்குத் தொடங்கும் நாள், இவர்களுக்கு முடிந்துபோன நாள். அதற்குப் பின் வடிவமைப்பு விவாதம், வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டும் டெமோ, மேலாளர்களின் நிலவர அழைப்பு. எட்டு மணிக்கு யாராவது அவசரமாக ஒரு சிறு மாற்றம் கேட்டால், பேசி முடித்தபின் அதைச் செய்ய உட்கார வேண்டும். உற்பத்தி அமைப்பில் பெரிய கோளாறு என்றால் 'சிவியாரிட்டி ஒன்' என்று டிக்கெட் விழும். பிரிட்ஜ் கால் என்ற தொடர் அழைப்பில் இருபது முப்பது பேர் விடியும்வரைகூட இணைப்பில் இருப்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு வர வேண்டுமா என்பது மேலாளரின் மனத்தைப் பொறுத்தது. இதற்கென்று எழுதிய விதி பல இடங்களில் இல்லை.

பண்டிகைகளையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்களுக்கு நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டிய விற்பனைக் காலம் உயிர்நாடி. அதற்குச் சில வாரங்களுக்கு முன் கணினி அமைப்புகளில் புதிய மாற்றம் எதையும் அனுமதிக்காமல் பூட்டிவிடுவார்கள். பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடி அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் விழும். தீபாவளியும் அங்கேதான் வரும். பொங்கல் வரும் ஜனவரி நடுவில் அமெரிக்க அலுவலகங்கள் ஆண்டின் புதிய திட்டங்களைத் தொடங்கி முழுவேகத்தில் இருக்கும். இங்கே ஊர்ப்பேருந்துக்காகக் கிளாம்பாக்கத்தில் கூட்டம் நெரியும் அந்த நாட்களில் ஒவ்வோர் அணியிலும் இரண்டு மூன்று பேர் முறைபோட்டுத் தங்கிவிடுவார்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், அல்லது இன்னும் திருமணமாகாதவர்கள்.

இந்த நேர வாழ்க்கையைச் சமூகவியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். ஆ. அனீஷ் 2006இல் வெளியிட்ட தன் நூலில், உடல் இந்தியாவிலேயே இருக்க உழைப்பு மட்டும் எல்லை தாண்டிச் செல்வதை ஒரு புதுவகைக் குடிபெயர்வாகக் கண்டார். குடியுரிமை அலுவலகமும் விமான நிலையமும் இல்லாத இந்தக் குடிபெயர்வில் ஒருவர் வேறொரு நாட்டின் நேரத்துக்குள் தினமும் போய்வருகிறார். அதே காலத்தில் பெங்களூருவின் தேசிய உயராய்வு நிறுவனத்தில் கேரல் உபாத்யாவும் ஆ. ர. வாசவியும் இத்துறை ஊழியர்களிடையே விரிவான ஆய்வு நடத்தினார்கள். நீளும் வேலைநேரமும் வாடிக்கையாளரின் நேரத்துக்கு வளைந்துகொடுப்பதும் குடும்ப உறவுகளை எப்படிப் பாதிக்கின்றன என்பது அதில் ஒரு முக்கியமான இழை. சென்னை மென்பொருள் ஊழியர்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும், பெண்களுக்கு இந்த அலுவலகங்கள் மற்ற பல துறைகளைவிட மரியாதையான இடத்தைத் தந்ததையும், வீட்டுப் பொறுப்பு அவர்களைப் பின்னுக்கு இழுப்பதையும் சேர்த்தே எழுதினார்கள். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

வீட்டுப் பொறுப்பு ஏன் பெண்ணைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதற்கும் மாலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முடிவுகள் எடுக்கப்படுவது மாலைக் கூட்டங்களில். அங்கே பேசுபவரின் பெயரைத்தான் வாடிக்கையாளர் நினைவில் வைத்துக்கொள்கிறார். அப்ரைசல் வரும்போது அந்த நினைவுதான் எடைபோடப்படுகிறது. பகல் முழுவதும் நன்றாக வேலை செய்து ஆறு மணிக்குப் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பெண், வேலை செய்தவராக இருக்கிறார், பேசியவராக இருப்பதில்லை. குழு நடத்தும் நிலைக்கு மேலே போகப் போகப் பெண்களின் எண்ணிக்கை மெலிவதற்கு இது ஒரு வலுவான காரணம் என்று நான் நினைக்கிறேன். அதையும் மீறி மேலே வந்தவர்களின் பின்னால் பெரும்பாலும் இன்னொரு பெண் இருக்கிறார்: திருநெல்வேலியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்து, தெரிந்த தெருவையும் கோயிலையும் விட்டு, நாவலூரின் பன்னிரண்டாவது மாடியில் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டும் அம்மாவோ மாமியாரோ. மென்பொருள் ஏற்றுமதியின் புள்ளிவிவரத்தில் அந்த முதிய பெண்களின் உழைப்பு எங்கே இருக்கிறது?

இரவுக்கு வேறொரு முகமும் உண்டு. பெண்கள் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை தொழிற்சாலையில் வேலை செய்வதைத் தடுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது. மென்பொருள் அலுவலகங்கள் தொழிற்சாலைகள் அல்ல என்றாலும், இரவு வேலை பெண்ணின் உரிமை, பாதுகாப்பு முதலாளியின் கடமை என்ற அந்தப் பார்வை எல்லோருக்கும் பொருந்துவது. அதற்குப் பின்னும் 2005 டிசம்பரில் பெங்களூருவில் இரவுப் பணிக்குக் கிளம்பிய அழைப்பு மைய ஊழியர் ஒருவர் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடிந்து கிளம்பிய ஓர் இளம்பெண் காணாமல்போய், பல நாட்களுக்குப் பின் அலுவலகத்துக்கு அருகிலேயே உடலாகக் கண்டெடுக்கப்பட்டார். பெண் தனியாக இருக்கும் வண்டியில் காவலர் ஒருவரும் ஏற வேண்டும், கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருக்கக் கூடாது என்பன போன்ற ஏற்பாடுகள் இத்தகைய உயிர்களை இழந்த பிறகுதான் இறுக்கமாயின. எவ்வளவு விளக்குகள் எரிந்தாலும் ராஜீவ்காந்தி சாலையின் உட்தெருக்கள் அன்று இருண்டே கிடந்தன.

அந்தச் சாலையின் இன்னொரு பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும், பிறகு சுனாமியில் வீடிழந்தவர்கள் உள்ளிட்டோர் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டார்கள். இன்று இந்த அலுவலகங்களின் கழிப்பறைகளைக் கழுவுவதும், தளங்களைத் துடைப்பதும், வாசலில் காவல் நிற்பதும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவர்கள். பொறியாளரின் கூட்டம் இரவு பத்தரைக்குத் தள்ளிப்போனால் கேப் ஓட்டுநரின் இரவும் நீள்கிறது, பேன்ட்ரியில் காபி இயந்திரத்தைக் கவனிப்பவரின் ஷிஃப்டும் மாறுகிறது. பொறியாளருக்காவது நல்ல சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. இவர்கள் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர்கள். நியூயார்க்கின் கடிகாரத்துக்கு இவர்களும் கட்டுப்படுகிறார்கள், அதற்கான பலன் எதுவும் இல்லாமல்.

பொறியாளரின் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சேவை நிறுவனங்களில் கல்லூரியிலிருந்து நேராகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவிலான சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. வாடகை, பால், பேருந்துக் கட்டணம் எல்லாம் நகர்ந்துவிட்டன. கூடுதல் நேரத்துக்குத் தனி ஊதியம் வழக்கத்தில் இல்லை. வாரக் கடைசியில் நிரப்பும் டைம்ஷீட்டில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், சில இடங்களில் ஒன்பது என்றுதான் எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் அந்த எண்ணை வைத்துத்தான் பணம் கேட்கிறார்கள். பதினோரு மணி நேரம் உழைத்தவர் பதினொன்று என்று எழுத முடியாத நிலையில், இரவு அழைப்புக்குச் செலவே இல்லை என்று வாடிக்கையாளர் நம்புவதில் என்ன வியப்பு? செலவில்லாத ஒன்றை யார் குறைத்துக்கொள்வார்கள்?

இதைக் கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. 2014 இறுதியில் ஒரு பெரிய நிறுவனத்தில் நடந்த ஆட்குறைப்பின்போது, சென்னையில் ஒரு கர்ப்பிணி ஊழியரின் பணிநீக்கத்துக்கு 2015 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொழில்தகராறுச் சட்டம் மென்பொருள் ஊழியர்களுக்கும் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் 2017இல் ஒரு சங்கம் பிறந்தது. 2024இல் அங்கே ஒரு நாளின் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீட்டிக்க வழிசெய்யும் யோசனை எழுந்தபோது அந்தச் சங்கம் தெருவில் இறங்கி எதிர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இளைஞர்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி சொன்னார். அந்தப் பேச்சு நாடெங்கும் விவாதமானது. பயணத்தையும் இரவு அழைப்பையும் சேர்த்துக் கூட்டினால், ஏற்கனவே எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலர் அந்த விவாதத்தில் பேசாமல் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வேலை எதற்காகவும் நிற்கக் கூடாது என்ற விதி எவ்வளவு வலியது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. சென்னை நீரில் மூழ்கியிருந்த நாட்களில் நிறுவனங்கள் ஊழியர்களைப் பேருந்துகளில் பெங்களூருக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்தை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது கணினிகளே வீட்டுக்கு வந்தன. மேசைக் கணினியைத் திரையோடு காரில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அயல்பணித் துறைக்கான விதிகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்து வேலை சட்டப்படி எளிதானது. பலருக்கு அது உண்மையான விடுதலைதான். தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழித்தவர்கள் அந்த நேரத்தைத் திரும்பப் பெற்றார்கள். சொந்த ஊருக்குப் போய் அம்மா அப்பாவோடு இருந்து வேலை செய்தார்கள். ஆனால் ஒன்பது மணி கேப் என்ற எல்லைக்கோடும் அதோடு போய்விட்டது. 'எனக்கு வண்டி வந்துவிட்டது, கிளம்ப வேண்டும்' என்பது மறுக்க முடியாத காரணமாக இருந்தது. வீட்டில் இருப்பவர் எந்த வண்டியைச் சொல்லிக் கிளம்புவார்? இப்போது அலுவலகத்துக்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள்; பகலை அலுவலகத்திலும் இரவு அழைப்பை வீட்டிலும் வைத்துக்கொள்ளும் புதிய வழக்கம் பரவுகிறது. இரண்டு ஏற்பாட்டின் சுமையும் ஒரே ஆள்மேல்.

கடந்த சில ஆண்டுகளில் இத்துறையின் வடிவம் மாறிவருகிறது. சேவை நிறுவனங்கள் வழியாக வேலையைக் கொடுத்த அயல்நாட்டு நிறுவனங்கள் தாங்களே இங்கே அலுவலகம் திறக்கின்றன. நாஸ்காம், ஜின்னோவ் அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் இத்தகைய மையங்கள் 1,700க்கு மேல். அவற்றில் வேலை செய்வோர் சுமார் 19 லட்சம் பேர். ஆண்டு வருவாய் 64.6 பில்லியன் டாலர். இந்த மையங்களில் சிலவற்றில் ஒரு பொருளின் முழுப் பொறுப்பும் சென்னையிலோ ஐதராபாத்திலோ இருக்கும் அணியிடம் இருக்கிறது. எதைச் செய்வது, எப்போது வெளியிடுவது என்ற முடிவு இங்கேயே எடுக்கப்படும்போது காலை பதினொரு மணிச் சந்தேகத்துக்குப் பதினொன்றரைக்கு விடை கிடைக்கிறது. மாலைக் கூட்டம் தகவல் சொல்வதற்கான அரை மணி நேரமாகச் சுருங்குகிறது. மற்ற மையங்களில் பலகை மட்டும் மாறியிருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் அங்கேயே இருப்பதால் மாலையும் முன்போலவே போகிறது. ஓர் அலுவலகம் தரமானதா என்று என்னிடம் ஆலோசனை கேட்கும் இளைஞர்களுக்கு நான் சம்பளத்தைவிட இதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்: உன் அணியின் முடிவுகளை எடுப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்?

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. கூட்ட நேரத்தைச் சுழற்சியில் வைக்கும் அணிகள் இருக்கின்றன: ஒரு மாதம் இங்கே இரவு, அடுத்த மாதம் அங்கே அதிகாலை. வாரத்தில் இரண்டு நாள் மாலை அழைப்பே கிடையாது என்று எழுதிவைத்திருக்கும் அணிகளும் உண்டு. எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் அன்றே எழுத்தில் வைத்துவிடும் பழக்கம் உள்ள இடத்தில் பாதிக் கூட்டங்கள் தேவையற்றுப் போகின்றன. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, இரவு அழைப்பை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி அதற்கு விலை வைப்பது. விலை தெரிந்தால் பத்தரை மணிக் கூட்டங்கள் பல தாமாகவே ஏழு மணிக்கு வந்துவிடும். போஸ்டனில் ஒருவர் தன் மதியக் கூட்டத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்வார். அதைக் கேட்க வேண்டியது ஒப்பந்தத்தை எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கும் நம் நிறுவனங்கள். நாற்பது ஆண்டுகளாக அவை தள்ளுபடி பற்றிப் பேசியிருக்கின்றன, ஆட்களின் எண்ணிக்கை பற்றிப் பேசியிருக்கின்றன, டாலர் மதிப்பு பற்றிப் பேசியிருக்கின்றன. ஊழியரின் இரவு இன்னும் அந்த மேசைக்கு வரவில்லை.